எக்ஸ்றேயும் கலத்தின் பழுதுபார்ப்பும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 2009ஆம் ஆண்டு பட்ட காயத்தில் எறிகணைத் துண்டு ஒன்று என் இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் தங்கிவிட்டது. எடுக்கப்போனால் நரம்பு பாதிக்கப்படலாம் என்று வைத்தியர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து வலி கூடும்போதெல்லாம் எக்ஸ்றே எடுக்கிறார்கள். அண்மையில் வவுனியாவில் சி.ரி. ஸ்கானும் எடுத்தார்கள், உடம்பில் இரும்பு இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்க இயலாதாம். இத்தனை படங்களின் கதிரும் உடம்பில் சேர்ந்துகொண்டே போகுமா? உடம்பு அதைத் தானாகச் சரிப்படுத்திக்கொள்ளும் என்கிறார்களே, அது உண்மையா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: முதலில் ஒரு பயத்தை முற்றாக நீக்கிவிடலாம். எக்ஸ்றேக் கதிர் உடலில் தங்குவதில்லை. அதுவும் ஒளியின் இனத்தைச் சேர்ந்ததுதான். இயந்திரம் நின்ற கணமே கதிரும் இல்லாமற்போகிறது. உங்கள் இடுப்பிலுள்ள துண்டு படத்தில் ஓரம் பிசிறி, எலும்பைவிட வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம், எலும்பைவிட அதிகமாக அது கதிரை மறிப்பதே. மறித்த கதிரை அது சேமித்து வைத்துப் பின்னர் வெளிவிடுவதில்லை. மருத்துவப் படத்துக்குப் பயன்படுத்தும் சக்தியிலுள்ள எக்ஸ்றே எந்த உலோகத்தையும் கதிர்த்தொழிற்பாடு உடையதாக மாற்றவும் மாட்டாது. ஆனால் கதிர் கடந்து போகும்போது கலங்களில் செய்துவிட்டுப் போகும் மாற்றம் என்று ஒன்று உண்டு. உங்கள் கேள்வியின் உண்மையான கனம் அங்கேதான் இருக்கிறது.

கதிர் கலத்தினூடாகச் செல்கையில் மூலக்கூறுகளிலிருந்து இலத்திரன்களைப் பிடுங்குகிறது. கலத்தின் பெரும்பகுதி நீர் என்பதால் அடி பெரும்பாலும் நீருக்கே விழுகிறது. அப்படி உடைந்த நீரிலிருந்து பிறக்கும் ஐதரொட்சில் மூலிகம் கண்ணிமைக்கும் நேரத்தின் மிகச் சிறிய பின்னமே வாழ்ந்தாலும், கலத்தின் பரம்பரைத் தகவலைத் தாங்கும் முறுக்கிய இரட்டை இழையான டிஎன்ஏ பக்கத்தில் இருந்தால் அதைத் தாக்கிவிடுகிறது. எக்ஸ்றேயால் டிஎன்ஏக்கு வரும் சேதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இவ்வழியால் வருவது. சில இடங்களில், டிஎன்ஏயின் எழுத்துகள் போன்ற நைதரசன் மூலங்களில் ஒன்று கெட்டுப்போகும். சில இடங்களில் இரண்டு இழைகளில் ஒன்று அறும். எல்லாவற்றிலும் மோசமானது, இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறும் ஈரிழை முறிவு.

திசு உள்வாங்கும் கதிர்ச்சக்தியை கிரே என்ற அலகாலும், அதனால் விளையக்கூடிய தீங்கைச் சீவேட் என்ற அலகாலும் கணக்கிடுகிறார்கள். ஒரு கலம் 1 கிரே எக்ஸ்றேயைப் பெற்றால் அதில் சுமார் 1,000 ஓரிழை முறிவுகளும் 30 முதல் 40 வரையான ஈரிழை முறிவுகளும் ஏற்படும். மார்பு எக்ஸ்றே ஒன்றில் கிடைப்பதோ ஒரு மில்லிகிரேயின் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதிலும் குறைவு. கணக்குப் பார்த்தால், படத்துக்கு உட்பட்ட கலங்களில் முந்நூறுக்கு ஒன்றில்தான் ஓர் ஈரிழை முறிவு ஏற்படும். இடுப்புப் பகுதி சி.ரி. ஸ்கானில் 10 மில்லிகிரே அளவு என்று வைத்துக்கொண்டால், மூன்று கலங்களுக்கு ஒன்று. இரண்டுக்கும் இடையில் நூறு மடங்கு வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள். மக்கள் எக்ஸ்றேக்குப் பயந்து ஸ்கானைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன், பயப்படுவதென்றால் அது மறுபக்கமாக இருந்திருக்க வேண்டும்.

கதிரே படாத கலத்திலும் டிஎன்ஏ நாள்தோறும் சேதமடைகிறது. நாம் மூச்சிழுக்கும் ஒட்சிசனாலும் உடற்சூட்டாலும் ஒவ்வொரு கலத்திலும் நாளொன்றுக்குப் பத்தாயிரக்கணக்கான சிறு சேதங்கள் உண்டாகின்றன. இவற்றைத் திருத்தும் நொதியங்கள் இல்லாவிட்டால் மனித இனம் இல்லை. அப்படியானால் ஸ்கான் தரும் சில முறிவுகளை ஏன் பொருட்படுத்த வேண்டும் என்று கேட்கலாம். கதிர் தன் சக்தியைச் சீராகத் தூவிவிட்டுப் போவதில்லை. அது பிடுங்கிவிட்ட இலத்திரனின் பாதை முடியுமிடத்தில், டிஎன்ஏயின் ஓரிரு சுற்றுகளுக்குள்ளேயே, முறிவும் கெட்ட மூலங்களும் கொத்தாக விழுகின்றன. தனித்தனிச் சேதத்தைச் சில நிமிடங்களில் திருத்திவிடும் கலம் இந்தக் கொத்துச் சேதத்திலேதான் தடுமாறுகிறது.

ஈரிழை முறிவைத் திருத்த கலத்திடம் இரண்டு பெரிய வழிகள் உண்டு. கலம் தன் டிஎன்ஏயை இரட்டித்துக்கொண்ட பிறகு முறிவு நேர்ந்தால், பக்கத்திலிருக்கும் மற்றப் பிரதியைப் பார்த்து விட்ட இடத்தை எழுதிக்கொள்ளலாம். இது பிழை குறைந்த வழி. ஆனால் உடலின் பெரும்பாலான கலங்கள் பெரும்பாலான நேரம் இரட்டிப்பில் ஈடுபடுவதில்லை. அவை அறுந்த இரண்டு நுனிகளையும் நேரடியாக ஒட்டிவிடுகின்றன. அறுந்த கிணற்றுக் கயிற்றை முடிந்து பாவிப்பதுபோல் வேலை நடக்கும், கயிறு முடிச்சளவுக்குக் குட்டையாகிவிடும். அந்த ஒட்டில் சில மூலங்கள் தொலைந்துபோகலாம்; மிக அரிதாக, வேறிடத்தில் அறுந்த நுனியோடு தவறாகச் சேர்ந்து, டிஎன்ஏ சுருண்டிருக்கும் நிறமூர்த்தமே மாறிப்போகவும் கூடும்.

உங்கள் கேள்விக்கு மிக நேரான சான்று ஒன்று உண்டு. ஈரிழை முறிவு ஏற்பட்ட இடத்தைச் சுற்றிலும் எச்2ஏஎக்ஸ் என்ற புரதம் சில நிமிடங்களில் பொசுபேற்று ஏற்றப்பட்டு அடையாளமிடப்படுகிறது. அதற்கேற்ற ஒளிரும் சாயத்தை இட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கலக்கருவுக்குள் முறிவுக்கு ஒரு புள்ளியாகத் தெரியும்; எண்ணிவிடலாம். 2005இல் ஜேர்மனிய ஆய்வாளர்கள் சி.ரி. ஸ்கான் எடுத்த நோயாளர்களின் குருதி வெண்கலங்களில் (வெள்ளை அணுக்களில்) இப்படி எண்ணினார்கள். ஸ்கான் முடிந்தவுடன் புள்ளிகள் கூடியிருந்தன. மணித்தியாலங்கள் செல்லச்செல்லக் குறைந்து, மறுநாளளவில் ஸ்கானுக்கு முந்திய நிலைக்கே வந்துவிட்டன. அவர்களுள் ஒருவருக்கு மட்டும் புள்ளிகள் குறையத் தாமதித்தன. அவர் முன்னொருமுறை கதிர்ச் சிகிச்சையால் கடுமையான பக்கவிளைவுக்கு ஆளானவர்.

ஆகவே, உடம்பு சரிப்படுத்திக்கொள்ளும் என்று உங்களுக்குச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. சென்ற வருடப் படத்தின் முறிவு இந்த வருடப் படத்துக்காகக் காத்திருப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் திருத்தத்தில் மிகச் சிறிய ஒரு பிழை எஞ்சுவதற்கான வாய்ப்பு இருக்கிறது, படங்கள் கூடக்கூட அந்த வாய்ப்பும் கூடுகிறது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் 2006ஆம் ஆண்டு அறிக்கையின் மதிப்பீட்டின்படி, 100 பேர் ஒவ்வொருவரும் 100 மில்லிசீவேட்டைப் பெற்றால் அதனால் ஒருவருக்குப் புற்றுநோய் வரலாம். அதே 100 பேரில் வேறு காரணங்களால் புற்றுநோய் வரக்கூடியவர்கள் 42 பேர். உங்கள் ஸ்கான் ஒன்று இந்த 100இல் பத்தில் ஒரு பங்களவு. எக்ஸ்றேப் படம் ஒன்றில் கிடைப்பது ஒரு ஸ்கானைவிட மிகக் குறைவு.

செய்யக்கூடியவை சில உண்டு. பழைய படங்களையும் அறிக்கைகளையும் எறிந்துவிடாதீர்கள். கிளினிக்குக்குப் போகும்போது கொண்டுபோனால், முன்னர் எடுத்ததையே மீண்டும் எடுக்கவேண்டிய தேவை வராது. இதுவே படங்களைக் குறைக்கும் மிக மலிவான வழி, ஆனால் இடப்பெயர்விலும் வீட்டுத்திட்ட மாற்றங்களிலும் உறைகளைத் தொலைத்தவர்களே எம்மிடையே அதிகம். துண்டு நகர்ந்துள்ளதா என்று மட்டும் பார்ப்பதற்குச் சாதாரண எக்ஸ்றே போதுமா, மென்திசுவைப் பார்க்க அல்ட்ராசவுண்ட் உதவுமா என்று வைத்தியரிடம் கேட்கலாம். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கவோ சூடாக்கவோ கூடும் என்பதால், துண்டு இருப்பதை எந்த வைத்தியசாலையிலும், கேட்காவிட்டாலும், முதலிலேயே சொல்லுங்கள். வைத்தியர் அவசியம் என்று சொல்லும் ஸ்கானைக் கதிருக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: டிஎன்ஏ முறிந்துவிட்டது என்பதைக் கலம் எப்படி அறிகிறது? திருத்துவதா, இறப்பதா என்பதை எது தீர்மானிக்கிறது?
– உயர்தர உயிரியல் மாணவர், மாங்குளம்

பதில்: அறுந்த நுனிகளை முதலில் உணர்வது சில புரதங்களின் கூட்டு. அது ஏரிஎம் என்ற நொதியத்தைத் தட்டியெழுப்புகிறது. மேலே சொன்ன எச்2ஏஎக்ஸ் அடையாளத்தை இடுவதும், பி53 என்ற புரதத்தை நிலைநிறுத்துவதும் ஏரிஎம்மின் வேலைகளே. கலம் வளர்ந்து இரண்டாகப் பிரியும் கலவட்டத்தை பி53 நிறுத்திவைத்துத் திருத்த நேரம் வாங்கிக்கொடுக்கிறது. சேதம் சிறிதாக இருந்து முறிவுகள் ஒட்டப்பட்டுவிட்டால் சைகை அடங்கும், கலம் மீண்டும் வட்டத்துக்குத் திரும்பும். சைகை அடங்காமல் நீடித்தால் அதே பி53 கலத்தைத் திட்டமிட்ட இறப்புக்கோ, இனிமேல் பிரியாத நிலைக்கோ அனுப்பிவிடுகிறது. எந்தக் கட்டத்தில் எது என்பது கலத்தின் வகையைப் பொறுத்தது. குருதி வெண்கலம் எளிதில் இறக்கும், தோலடி இழையக் கலம் பெரும்பாலும் பிரிவதை நிறுத்திக்கொண்டு உயிரோடிருக்கும்.

ஏரிஎம்மை ஆக்கும் பரம்பரையலகு பழுதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு நடை தள்ளாடும், நோயெதிர்ப்பு குறையும், கதிருக்கு மிகையான பாதிப்பு இருக்கும், புற்றுநோயும் எளிதில் வரும். ஒரே ஒரு நொதியம் இல்லாமற்போவதால் இத்தனையும் வருவதைப் பார்த்தாலே அதன் இடம் விளங்கும்.

குறைந்த அளவுக் கதிரின் சிக்கல், பரீட்சைப் பாடத்தில் இல்லாத ஒன்று. பிரிவுக்குச் சற்று முன்னர் கலத்தை மறிக்கும் சோதனைச்சாவடி, பத்திலிருந்து இருபது ஈரிழை முறிவுகள் இருந்தால்தான் விழித்துக்கொள்கிறது. ஓரிரண்டு முறிவோடு வரும் கலம் அதைக் கடந்து போய்விடலாம். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிரியாமல் ஓய்ந்திருந்த மனிதக் கலங்களுக்கு ஒரு மில்லிகிரேயைச் சற்றே தாண்டிய எக்ஸ்றே கொடுக்கப்பட்டபோது, முறிவுப் புள்ளிகள் பல நாட்கள் திருத்தப்படாமலே இருந்தன. பின்னர் அக்கலங்களைப் பிரியவிட்டபோது புள்ளிகள் பழைய நிலைக்கு இறங்கின. முறிவோடிருந்த கலங்கள் கூட்டத்திலிருந்தே களையப்பட்டன என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஒவ்வொரு கலத்தையும் திருத்திக் காப்பாற்றுவதைவிட, சிலவற்றைக் கைவிட்டுவிடுவது உடலுக்கு இலாபம் போலும். மேலே சொன்ன குருதிக் கல ஆய்வோடு இது ஒத்துப்போகவில்லையே என்று நீங்கள் கேட்டால், சரியாகவே கேட்கிறீர்கள்: ஒன்று உடலுக்குள் பெரிய அளவுக்கு நடந்தது, மற்றது கண்ணாடித் தட்டில் மிகச் சிறிய அளவுக்கு நடந்தது.

திருத்த வழிகளை விரித்துக் காட்டியமைக்காக தோமஸ் லின்டால், போல் மொட்ரிச், அசிஸ் சஞ்சார் ஆகிய மூவரும் 2015இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். அதே ஆண்டில் வெளிவந்த இன்னொரு செய்தி வன்னி மாணவருக்குப் பிடிக்கும். மனிதரில் பி53க்கான பரம்பரையலகு ஒன்றுதான்; எங்கள் காட்டு யானை சேர்ந்த ஆசிய இனத்தில் அதன் பிரதிகள் 15 முதல் 20 வரை இருக்கின்றன. டிஎன்ஏ சேதமடைந்த யானைக் கலம் மனிதக் கலத்தைவிட விரைவாக இறந்துவிடுகிறது. அவ்வளவு பெரிய உடலுக்குள் அத்தனை கலங்கள் இருந்தும் யானைக்குப் புற்றுநோய் குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

கேள்வி: சிறிதளவு கதிர் உடலுக்கு நல்லது, தடுப்பூசிபோல் வேலை செய்யும் என்று ஒருவர் உரையாற்றியதைக் கேட்டேன். கேரளக் கரையில் மண்ணே கதிர் வீசுகிறது, அங்கு நோயில்லை என்றும் சொன்னார். புல்மோட்டை இல்மனைட் மண்ணிலும் அப்படியொன்று இருக்கிறதாமே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கிளிநொச்சி

பதில்: அவர் சொன்னதில் உண்மையும் இருக்கிறது, அதைத் தாண்டிய பாய்ச்சலும் இருக்கிறது.

1984இல் செய்யப்பட்ட ஒரு பரிசோதனையில், மனிதக் குருதி வெண்கலங்களுக்கு முதலில் மிகக் குறைந்த அளவு கதிரும் பின்னர் 1.5 கிரே என்ற பெரிய அளவும் கொடுக்கப்பட்டன. இரண்டின் கூட்டுக்கு எதிர்பார்த்ததைவிட நிறமூர்த்தச் சிதைவு குறைவாகவே இருந்தது. சிறிய அடி திருத்த இயந்திரத்தை முடுக்கிவிட்டது என்று கொள்ளலாம். இது பல ஆய்வுகூடங்களில் திரும்பச் செய்யப்பட்ட உண்மை. ஆனால் அந்த முடுக்கம் மணித்தியாலங்களோ ஓரிரு நாட்களோதான் நிலைக்கிறது, எல்லா மனிதரின் கலங்களும் அப்படி நடந்துகொள்வதுமில்லை. இதற்கு மாறான பக்கமும் உண்டு. 1992இல், நூற்றுக்கு ஒன்றிலும் குறைவான கலங்களின் கருவை மட்டும், கதிர்த்தொழிற்பாடுள்ள பொருளிலிருந்து வரும் அல்பாத் துணிக்கை துளைக்கும்படி செய்தபோது, நூற்றுக்கு 30 கலங்களில் நிறமூர்த்த மாற்றம் காணப்பட்டது. அடிபட்ட கலம் பக்கத்துக் கலங்களுக்கும் ஏதோ சைகை அனுப்பியிருக்கிறது. முதலாவதை மட்டும் மேடையில் சொல்லி இரண்டாவதை விட்டுவிடுவது நியாயமல்ல.

கேரளத்தின் கருநாகப்பள்ளிப் பகுதியில் கடற்கரை மண்ணில் மோனசைட் கனியம் இருக்கிறது. அதிலுள்ள கதிர்வீசும் தோரியத்தால் சில இடங்களில் ஆண்டுக் கதிரளவு உலகச் சராசரியான 2.4 மில்லிசீவேட்டைப் பல மடங்கு தாண்டுகிறது. அங்கு ஏறத்தாழ எழுபதாயிரம் பேரைப் பத்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்த ஆய்வின் முடிவு 2009இல் வெளிவந்தது. கதிர் கூடிய இடத்தில் புற்றுநோய் கூடியிருக்கவில்லை. குறைந்திருந்ததென்றும் அது காட்டவில்லை. 'தீங்கு தென்படவில்லை' என்பதிலிருந்து 'நன்மை செய்கிறது' என்பதற்குப் போகும் பாதையில் பாலம் இல்லை. மறுபுறம், பிரான்ஸ், ஐக்கிய இராச்சியம், அமெரிக்கா ஆகிய நாடுகளின் அணுத்துறைத் தொழிலாளர் 309,932 பேரைப் பற்றி 2023இல் வெளிவந்த பகுப்பாய்வில், பல ஆண்டுகளில் சிறுகச்சிறுகப் பெற்ற கதிரோடு திண்மப் புற்றுநோய் (குருதிப் புற்றுநோய் அல்லாத, கட்டியாக வளரும் வகை) இறப்புகளும் உயர்ந்திருந்தன. 100 மில்லிகிரேக்குக் குறைந்த பகுதியை மட்டும் எடுத்துப் பார்த்தபோதும் அந்த ஏற்றம் மறையவில்லை.

அறிஞர்களே ஒன்றுபடவில்லை என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு: கதிர் குறையும் அதே விகிதத்தில் ஆபத்தும் குறையும், ஆனால் ஒருபோதும் இல்லாமற்போகாது என்பது நேர்கோட்டுக் கணக்கு. 2005இல் பிரெஞ்சு அறிவியல், மருத்துவக் கழகங்கள், மிகச் சிறிய அளவுகளுக்கும் இக்கணக்கைப் பொருத்துவது தவறு என்றன, அடுத்த ஆண்டு அமெரிக்கக் கழகங்கள் அதே நேர்கோடே தகுந்தது என்றன. கலம் திருத்திக்கொள்ளும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. திருத்தத்தில் எஞ்சும் பிழை எவ்வளவு என்பதே வழக்கு. பாதுகாப்புச் சட்டங்கள் நேர்கோட்டைப் பின்பற்றுவது, கணக்குத் தவறினாலும் மனிதரைக் காக்கும் பக்கமாகவே தவறட்டும் என்பதற்காக. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

புல்மோட்டைக்கு வருவோம். கொக்கிளாய்க் களப்புக்குத் தெற்கேயுள்ள அந்தக் கரையின் கருமணலில் இல்மனைட், ரூட்டைல், சேர்கோன் ஆகிய கனியங்களோடு சிறிதளவு மோனசைட்டும் உண்டு. ஆகவே கதிரும் உண்டு. கரைவலை இழுக்கப் போகிறவர் அதற்காக அஞ்சத் தேவையில்லை, மருந்தென்று நினைத்து அதில் புரளவும் தேவையில்லை.

கேள்வி: வீட்டுக்கு அருகில் தொலைபேசிக் கோபுரம் எழுப்பியிருக்கிறார்கள். அந்தக் கதிரையும் கலங்கள் திருத்திக்கொள்ளுமா?
– வாசகர், முழங்காவில்

பதில்: கோபுரத்திலிருந்து வரும் அலைக்கு மூலக்கூறிலிருந்து இலத்திரனைப் பிடுங்கும் சக்தி இல்லை. அதனால் அது டிஎன்ஏயை இவ்வாறு முறிப்பதில்லை. மேலே சொன்ன திருத்தக் கதை அதற்குப் பொருந்தாது.

கேள்வி: மருத்துவச் சான்றிதழுக்காக மார்பு எக்ஸ்றே எடுத்த பின்னரே நான் கர்ப்பமாக இருப்பது தெரியவந்தது. மாமியார் மிகவும் பயப்படுகிறார். பிள்ளைக்கு ஏதும் நடக்குமா?
– வாசகி, அடம்பன்

பதில்: மார்புப் படத்தில் கதிர்க்கற்றை கருப்பையின்மீது நேரே படுவதில்லை, சிதறி வந்து சேர்வது ஒரு மில்லிகிரேயின் நூறில் ஒரு பங்கிலும் குறைவு. கருவில் உறுப்புக் குறைபாடு போன்ற பாதிப்புகள் தோன்றுவதற்கு 100 மில்லிகிரேயளவு தேவை. அதற்குக் குறைந்த அளவைக் காரணம் காட்டிக் கர்ப்பத்தைக் கலைப்பது நியாயமாகாது என்பது சர்வதேசக் கதிர்ப்பாதுகாப்பு ஆணைக்குழுவின் நிலைப்பாடு. மாமியாருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். குடும்பநல உத்தியோகத்தரிடமும் படம் எடுத்த திகதியைச் சொல்லிவையுங்கள். அடுத்த முறை படம் எடுக்கச் சொன்னால், மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் அதை முதலில் சொல்லவேண்டும்.

கேள்வி: படம் எடுக்கும்போது என்னை மட்டும் உள்ளே விட்டுவிட்டு, எடுப்பவர் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். ஆபத்தில்லையென்றால் அவர் ஏன் ஒளிய வேண்டும்?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: உங்களுக்கு அது ஒரு படம், படத்தால் கிடைக்கும் பயனும் உங்களுக்கே. அவருக்கோ அது அன்றைய நாளின் பத்தாவதோ ஐம்பதாவதோ படமாக இருக்கலாம், பயன் எதுவும் அவருக்கில்லை. ஒவ்வொன்றிலும் உங்கள் உடலில் பட்டுச் சிதறும் கதிரில் சிறிதளவை அவர் முப்பது வருட வேலைக்காலம் முழுவதும் வாங்கிக்கொண்டிருந்தால், தொகை பெரிதாகிவிடும். ஐந்து ஆண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவேட் என்பது இத்தொழிலாளருக்கு விதிக்கப்பட்ட சர்வதேச எல்லை. சுவருக்குப் பின்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் அதன் சிறு பின்னத்தோடு ஆண்டை முடித்துவிடுகிறார்கள். அவருடைய சட்டையில் குத்தியிருக்கும் சிறிய பட்டையை அடுத்த முறை கவனியுங்கள். அவர் வாங்கிய கதிரை அளப்பது அதுதான். குறித்த காலத்துக்கொருமுறை அதைக் கழற்றி வாசிப்புக்கு அனுப்புவார்கள்.